இறக்கை விளிம்பில் ஒரு தகடு

டூவும்பா, ஆஸ்திரேலியா
9 ஜூன் 2024

அன்புத் தங்கை கனிமொழிக்கு,

அண்ணன் அன்பரசன் எழுதுவது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ, மாப்பிள்ளை இனியவன், மகள் தமிழ்நிலா மூவரும் சுகம்தானே?

போனை எடுக்காமல் மின்னஞ்சலில் பக்கம் பக்கமாக எழுதுகிறேனே என்று சிரிப்பாய். சுரங்க வேலையில் இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். அங்கிருந்து பேசினால் பாதி விட்டுப்போகிறது. எழுதினால் முழுதாக வந்து சேரும்.

மூன்று வருடமாகக் கொட்டகையில் நான் கட்டிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு இறக்கை மாட்டியாகிவிட்டது. இரண்டு பேர் உட்காரலாம். பதினோராயிரம் ரிவெட் ஆணி, அத்தனையும் நானே அடித்தது. உன் அண்ணி அம்சம் காலமான பிறகு இதுதான் எனக்கு வீடு.

சித்திரையில் போனில் பேசும்போது, "வானத்துல நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாயாம். நான் ஏதோ வேறு பதில் சொன்னேன் என்று தமிழ்நிலா எழுதியிருந்தாள். எஞ்சின் நின்றால் பயமில்லை, சறுக்கிக்கொண்டே இறங்கிவிடலாம். பயப்பட வேண்டியது ஸ்டால் என்பதற்கு. கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிப் பார். கொஞ்சம் சாய்த்தால் காற்று கையைத் தூக்கும். இன்னும் சாய்த்தால் இன்னும் தூக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தூக்குவது சட்டென்று விட்டுப்போய்க் கை பின்னால் அடித்துக்கொள்ளும். இறக்கையும் அப்படித்தான். காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை தாண்டினால் விமானம் விழும். உயரத்தில் என்றால் மூக்கை இறக்கிச் சமாளிக்கலாம். தரைக்குப் பக்கத்தில் என்றால் அதற்கு நேரம் கிடையாது.

அதற்காகத்தான் இறக்கை விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு தகடு வைத்திருக்கிறேன். கோணம் எல்லையை நெருங்கும்போது காற்று அந்தத் தகட்டைத் தூக்கும். உடனே உள்ளே ஓர் ஊதல் வீல் என்று கத்தும். மூக்கை இறக்கு என்று அர்த்தம். என்னோடு வேலை பார்க்கும் கூத்தாநல்லூர் ஆஸிம் இருபது வருடமாக விமானம் ஓட்டுகிறவர். "ஊதல் மட்டும் போதாது அன்பு, கோணத்தை வெளக்குப் போட்டுக் காட்டுற கருவியும் வச்சுக்கங்க" என்கிறார். காதுக்கு ஒன்று இருக்கும்போது கண்ணுக்கு வேறு எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தமிழ்நிலா படிக்க வரும்போது இங்கேயே தங்கட்டும். என் விமானத்தில் முதலில் ஏறப்போவது அவள்தான்.

உன் அண்ணன்,
அன்பரசன்


குடவாசல்
20 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கனிமொழி வணக்கத்துடன் எழுதுகிறேன். நாங்கள் நலம். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. சோழசூடாமணி ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பம்புசெட் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டுவிட்டார்கள், நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை அவர் டீக்கடையில் வாசித்துக் காட்டிவிட்டார். "பண்ணையில ஏர் ஓட்டுன குடும்பம், இன்னைக்கு ஏரோப்ளேன் ஓட்டுது" என்று யாரோ சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமைதான். பயமும்தான்.

ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. துணை சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று மிஷின் காட்டினால் அதை அப்படியே எழுதிவிட மாட்டேன். கையால் பம்ப் அடிக்கும் பழைய கருவியில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். ஒன்றை மட்டும் நம்பினால் ஒருநாள் அது ஏமாற்றும். ஆஸிம் பாய் சொல்லும் விளக்கை வைத்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமையாவது போனில் குரல் கொடுங்கள்.

தங்கை,
கனிமொழி


டூவும்பா
4 ஆகஸ்ட் 2024

அன்புக் கனிக்கு,

பறந்துவிட்டேன்! இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும். தமிழ்நிலா நல்லபடியாக வந்து சேர்ந்து, நன்றாகச் சாப்பிடுகிறாள். அந்தக் கோதுமை நிறப் புல்வெளி ஓடுபாதையில் அவள் நின்று கையாட்டியது மேலேயிருந்து தெரிந்தது. மேலே போனதும் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பா நெல்லு மூட்டை சுமந்து ஏறிய அந்த ரைஸ்மில் பலகையை. வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

முதல் இருபத்தைந்து மணி நேரம் தனியாகப் பறந்து சோதிக்க வேண்டும் என்பது இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் நிபந்தனை. அது முடியாமல் யாரையும் கூட ஏற்றக் கூடாது. நாலாயிரம் அடியில் வேண்டுமென்றே ஸ்டால் செய்து பார்த்தேன். மூக்கை மெல்ல மெல்லத் தூக்கினேன். ஊதல் கத்தவே இல்லை. இறக்கை நடுங்கி, விமானம் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. ஓட்டும் குச்சியை முன்னால் தள்ளி மூக்கை இறக்கியதும் சரியாகிவிட்டது, கவலைப்படாதே. தகட்டை இன்னும் மேலே வைத்தால் சீக்கிரம் கத்தும். இரண்டு மில்லிமீட்டர் ஏற்றிவைத்திருக்கிறேன். கீழே நிற்கும்போது ஆஸிம் தகட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். ஊதல் நன்றாகவே வேலை செய்கிறதாம்.

நாற்று விட்டாயிற்றா?

அன்பரசன்


குடவாசல்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை எழுதுவது. ஆடிப் பெருக்குக்கு முன்னால் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்காலில் நுரையும் குப்பையுமாக முதல் தண்ணீர் வந்தபோது உங்கள் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார். சம்பாவுக்கு வயலைத் தயார் செய்கிறோம். இங்கே எல்லோரும் சுகம்.

நீங்கள் பறந்த வீடியோவை நூறு தடவை பார்த்திருப்பேன். என் பயம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அந்த ஊதலில் இருக்கிறது. சரிசெய்ததும் எழுதுங்கள்.

தமிழ்நிலா ஒன்று சொன்னாள். நீங்கள் டிவி வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறாராம். "மாமாகிட்ட பின்னாடி நின்னு பேசினா திரும்பவே மாட்டேங்கிறாரும்மா" என்றாள். காதில் அழுக்கு அடைத்திருக்கும். டாக்டரிடம் காட்டுங்கள், ஐந்து நிமிட வேலை.

கனிமொழி


டூவும்பா
22 செப்டம்பர் 2024

அன்புக் கனிக்கு,

நலம், நலமே நாடுகிறேன். சுரங்கத்தில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

ஊதல் பிரச்சினை தீர்ந்தது. நான் மூன்று தடவை தகட்டை மேலே மேலே ஏற்றியும் கத்தவில்லை. கடைசியில் ஆஸிம் ஒருநாள் தனியாக எடுத்துப் போய்ப் பறந்துவிட்டு வந்தார். "எதுக்கு அன்பு இவ்வளவு மேல ஏத்தி வச்சிருக்கீங்க? சாதாரணமாத் திரும்பினாக்கூட கத்துது" என்றார். அவரே தகட்டைக் கீழே இறக்கிச் சரியான இடத்தில் வைத்தார். இப்போது ஸ்டாலுக்கு நன்றாக முன்னாலேயே ஊதுவதாகச் சொல்கிறார். ஆக, அது முடிந்தது.

பதினெட்டு மணி நேரம் பறந்தாயிற்று. நவம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நிலாவை ஏற்றிக்கொண்டு போகிறேன். தேதியை எழுதி வைத்துக்கொள்.

அன்பரசன்


குடவாசல்
25 செப்டம்பர் 2024

அண்ணே,

எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்றுதான் கேட்கிறேன், இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஊதல் கத்தவில்லை என்று நீங்கள் மூன்று தடவை ஏற்றியிருக்கிறீர்கள். அதே ஊதல் ரொம்பச் சீக்கிரம் கத்துகிறது என்று அவர் இறக்கியிருக்கிறார். ஒரே விமானம், ஒரே தகடு. கீழே நிற்கும்போது வேலை செய்கிறது என்று சொன்னதும் ஆஸிம் பாய். மேலே கத்துகிறது என்று சொல்வதும் ஆஸிம் பாய்.

நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்களா?

போன ஞாயிறு உங்களுக்குப் போன் செய்தேன். "சாப்டீங்களாண்ணே?" என்றேன். "ஆமா, இங்க மழையே இல்ல" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நம் அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். ரைஸ்மில்லில் முப்பது வருடம் மிஷின் பக்கத்தில் நின்றார். யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஆமா, ஆமா" என்பார். கேட்கவில்லை என்று சாகும்வரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் இருபத்தாறு வருடமாகச் சுரங்கத்தில், அதோடு மூன்று வருடம் ரிவெட் அடித்துக்கொண்டு.

இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கனி


டூவும்பா
19 அக்டோபர் 2024

கனிமொழிக்கு,

நலம்.

உன் கடிதம் கிடைத்தது. காது வயசுக்கு ஏற்றபடி இருக்கிறது. ஐம்பத்து நாலில் இருபது போலக் கேட்குமா? விமானத்துக்குள் எஞ்சின் சத்தம், தலையில் ஹெட்போன். அதில் எவனுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கும். ரேடியோவில் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. அந்த ஊதல் இல்லாவிட்டாலும் இறக்கை நடுங்குவதை நான் உட்கார்ந்திருக்கும் இருக்கையே சொல்லிவிடும்.

அப்பாவை ஆலைத் தெருவில் "செவிட்டு முருகையன்" என்று கூப்பிட்டார்களே, நினைவிருக்கிறதா? முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கெட்ட வார்த்தை சொல்லிச் சிரிப்பார்கள். அவர் திரும்பி, அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். எனக்கு அப்போது பத்து வயது. நீ கைக்குழந்தை, அதெல்லாம் உனக்குத் தெரியாது. அந்தப் பெயரை இப்போது எனக்கு ஒட்டப் பார்க்கிறாயா?

பிள்ளையைப் பயமுறுத்தாதே. நவம்பர் பத்தில் மாற்றம் இல்லை.

அன்பரசன்


குடவாசல்
21 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்து எழுதும் தங்கை கனிமொழி.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உங்களுக்குச் சளிக் காய்ச்சல் என்று தமிழ்நிலா சொன்னாள். அவள் அங்கே கிளம்பும்போது நான் கொடுத்தனுப்பிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை உங்கள் நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னேன். சத்தம் வந்தால் எடுத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எதிரில் உட்காரச் சொன்னேன். அது பீப் பீப் என்று கத்தியது. நீங்கள் வாயிலேயே வைத்துக்கொண்டு அவளையே பார்த்தீர்கள். கத்தி ஓய்ந்தது. பிறகும் வைத்திருந்தீர்கள். "இன்னும் ஆகலியா?" என்று சைகையில் கேட்டீர்களாம். அவள் அதை உருவிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் அழுதிருக்கிறாள்.

பேச்சு கேட்கிறது, ரேடியோ கேட்கிறது. கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் உங்களுக்குக் கேட்பதில்லை. சத்தமான இடத்தில் வேலை பார்த்த எத்தனையோ பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நிலாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். உங்களோடு ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். "மாமா மனசு ஒடஞ்சிடும்மா" என்கிறாள். உடையட்டும்.

ஆஸிம் பாய்க்கு நான் எழுதவில்லை. அவருடைய முகவரி என்னிடம் இருக்கிறது, ஒரு வரி எழுதினால் உங்களை ஓட்டவிட மாட்டார். ஆனால் அந்தச் செய்தி உங்கள் வாயிலிருந்து போக வேண்டும். பத்தாம் தேதிக்குள் அவரிடம் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்கிறேன்.

கனி


குடவாசல்
31 அக்டோபர் 2024

அண்ணே,

இன்று தீபாவளி. உங்களுக்குப் பிடித்த அதிரசம் சுட்டேன். பதில் இல்லை. நலம்தானா என்று மட்டும் எழுதுங்கள்.

கனி


டூவும்பா
4 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நிலா எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாமா உயிரோடு இருக்கிறார். உதட்டில் நாலு தையல், மார்பில் பெல்ட் அழுத்திய கன்றிப்போன கோடு. நீயும் அப்பாவும் பதற வேண்டாம். நேற்று போனில் அழுகைதான் வந்தது, ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மீதி இருந்த இரண்டு மணி நேரத்தை முடிக்க மாமா தனியாகக் கிளம்பினார். காலையில் காபி குடிக்கும்போது நான் கேட்டேன்:

"மாமா, ஆஸிம் மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னைக்கு முடிச்சுட்டுச் சொல்றேன்மா. இருபத்தஞ்சு ஆயிடட்டும்."

நானும் ஆஸிம் மாமாவும் ஓடுபாதை ஓரத்தில் ஜீப் பக்கத்தில் நின்றோம். கையில் பிடிக்கும் சின்ன ரேடியோவை அவர் என்னிடம் கொடுத்திருந்தார். பேசுவதற்கு எந்தப் பொத்தான் என்றும் காட்டியிருந்தார். பதினொரு மணிக்குக் காற்று திரும்பிப் பலமாக வீச ஆரம்பித்தது. மாமா இறங்க வந்தார். ஓடுபாதைக்கு நேராகக் கடைசித் திருப்பம் திரும்ப வேண்டும். காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போனதால் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டார். திரும்பவும் கோட்டுக்கு வர இன்னும் இறுக்கித் திருப்பினார். விமானம் சாய்ந்து, மூக்கு மேலே போவது எனக்கே தெரிந்தது.

அப்போது ரேடியோவில் அவர் குரல் வந்தது, இறங்க வருகிறேன் என்று. எந்தப் பதற்றமும் இல்லாத குரல் அம்மா. அந்தக் குரலுக்குப் பின்னால் வீல் என்று ஊதல் கத்திக்கொண்டே இருந்தது. எங்களுக்குக் கேட்கிறது. அவருக்குப் பக்கத்திலேயே கத்துகிறது. அவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆஸிம் மாமா, "ஏன் இறக்க மாட்டேங்கிறாரு? ஊதுதே, ஏன் மூக்கை இறக்க மாட்டேங்கிறாரு?" என்று கத்தினார்.

"அவருக்குக் கேக்காது!" என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

மாமா பேசி முடித்ததும் பொத்தானை அழுத்தினேன். "மாமா! குச்சிய முன்னாடி தள்ளுங்க! தள்ளுங்க, தள்ளுங்க!" என்று அலறினேன். இடது இறக்கை அதற்குள் சரிய ஆரம்பித்திருந்தது. மூக்கு கீழே போனது. தென்னை மர உயரம்தான் இருக்கும், அங்கே இறக்கை நேரானது. ஓடுபாதைக்கு முன்னாலேயே புல்லில் மோதி, மூக்குச் சக்கரம் ஒடிந்து, மண்ணை உழுதுகொண்டு போய் நின்றது.

நாங்கள் ஓடினோம். மாமா கண்ணாடிக் கூண்டைத் திறந்து உட்கார்ந்திருந்தார். வாயெல்லாம் ரத்தம். ஊதல் நின்றிருந்தது. ஆஸிம் மாமா இறக்கைக்குப் போய்த் தகட்டை விரலால் தூக்கினார். திரும்பவும் வீல் என்று கத்தியது. தூக்கியபடியே மாமாவைப் பார்த்தார். மாமா அவர் விரலைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார்.

"இது கேக்குதா அன்பு?"

மாமா இல்லை என்று தலையாட்டினார். "மொத நாள்லேர்ந்தே கேக்கல பாய்" என்றார்.

ஆஸிம் மாமா தகட்டை விட்டுவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு அம்மா.

நிலா


குடவாசல்
1 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தையல் பிரித்தாயிற்று என்று நிலா சொன்னாள். மார்பு வலி குறைந்திருக்கிறதா? இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நாலு நாளாக விடாத மழை. சம்பா முழுதும் தண்ணீருக்குள். வடிகால் அடைத்துக்கொண்டதால் உங்கள் மாப்பிள்ளையும் பக்கத்து வயல்காரர்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுகிறார்கள். பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. மூன்று நாளில் வடிந்தால் பிழைக்கும். எனக்கு முகாம்களில் வேலை, வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது.

ஒரு மாதமாக இதை எழுத வேண்டும் என்று நினைத்து, முடியவில்லை. அக்டோபர் இருபத்தொன்றாம் தேதியே நான் ஆஸிம் பாய்க்கு எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். தெர்மாமீட்டர் சொன்ன பிறகு சந்தேகமே இல்லை. என் பெண் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். நீங்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மானம் போகக் கூடாது என்று நினைத்தேன். சுகாதார நிலையத்துக்கு வரும் ஒரு நோயாளிக்கு இப்படிச் செய்திருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள். நீங்கள் மறைத்தீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லலாம். நானும் பதின்மூன்று நாள் மறைத்தேன்.

நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எழுதுவதைவிடப் பிழைத்துக் கிடப்பது பெரிது.

தங்கை,
கனி


டூவும்பா
16 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை கனிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நெஞ்சு வலி போய்விட்டது. உதட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. சம்பாவில் பாதி தப்பி அறுப்பு முடிந்தது என்று மாப்பிள்ளை சொன்னார். அந்தப் பாதியாவது வீடு வந்ததே.

பொங்கலுக்கு முன்பே இதை எழுதியிருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. உன் பதின்மூன்று நாளை விட்டுவிடு. என்னுடையது ஒன்பது வருடம். சுரங்கத்தில் ஆண்டுதோறும் காது சோதிப்பார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சோதிக்கிறவர் தன் பொத்தானை அழுத்தும்போது அவர் தோள் அசைவதைப் பார்த்து நான் அழுத்துவேன். அப்படியே ஒப்பேற்றினேன். ஆகஸ்டில் நாலாயிரம் அடியில் ஊதல் கேட்காதபோது, கீழே ஆஸிம் தகட்டைத் தூக்கி "நல்லாக் கேக்குது" என்றாரே, அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நானும் "ஆமா, நல்லாக் கேக்குது" என்றேன். பிறகு தகட்டை மேலே ஏற்றியதெல்லாம் எனக்கு நானே காட்டிக்கொண்ட நாடகம். விளக்குக் கருவியை வேண்டாம் என்று சொன்னவன் இப்போது கேட்டால் ஏன் என்று ஆஸிம் கேட்பாரே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். அதற்காக உன் பெண்ணை ஏற்ற இருந்தேன்.

விபத்தைப் பற்றி எங்கள் பறப்போர் சங்கத்துக்கு நானே எழுதினேன். காது கேட்காததையும் சேர்த்து எழுதினேன். சோதித்த டாக்டர் காட்டிய படத்தில் பேச்சு இருக்கும் இடத்தில் கோடு ஓரளவு நேராக இருந்தது. கீச்சொலி இருக்கும் இடத்தில் கிணற்றில் விழுந்தது போல இறங்கியிருந்தது. இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறேன். மாட்டிக்கொண்டு வெளியே வந்த அன்று மரத்தில் ஏதோ கத்தியது. பூச்சியா பறவையா என்று தெரியாமல் அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸிம் ஏழு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் கோணக் கருவியோடு கொட்டகைக்கு வந்தார். "பூட்டித் தர்றேன். ஆனா என்கிட்ட இன்னொரு பொய் சொன்னீங்கன்னா இதோட முடிஞ்சுது" என்றார். இறக்கைக்கு அடியில் இரண்டு துளை உள்ள ஒரு குழாய். காற்று இரண்டிலும் அழுத்தும் வித்தியாசத்தை வைத்துக் கோணத்தைக் கண்டுபிடித்து, கண்ணுக்கு நேராக விளக்குப் போடும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சக்கரத்தை மாற்றி, வளைந்த தகடுகளை வெட்டியெடுத்துப் புதிதாக அடித்தோம். சங்கத்தில் அனுமதி கொடுத்த பிறகு ஆஸிம் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, நாலாயிரம் அடியில் முப்பது தடவை ஸ்டால் செய்தோம். பத்துத் தடவைக்குப் பிறகு குச்சியை என்னிடம் கொடுத்தார். மஞ்சள் வந்தபோதே நான் தள்ளிவிட்டேன். "செவப்பு வர்ற வரைக்கும் இருங்க, அதையும் பாத்துடுங்க" என்றார். பார்த்தேன். பிறகுதான் தள்ளினேன்.

இருபத்தைந்து மணி நேரமும் முடிந்தது; சென்ற வாரம் சங்கத்தார் மறுபடியும் சோதித்து, பக்கத்தில் இன்னொருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நேற்று மாலை தமிழ்நிலா கொட்டகைக்கு வந்தாள். விளக்கைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள், இறக்கையைத் தடவிப் பார்த்தாள். நான் கேட்டேன்:

"நாளைக்கு வர்றியாம்மா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறக்கைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "வேணாம் மாமா" என்றாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு, ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சரிம்மா" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
அன்பரசன்